அம்மப்பாவின் இரண்டு பொத்தான் மணிக்கூட்டைத் தினமும் கட்டலாமா?

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அம்மப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1956இல் ஊருக்குத் திரும்பிய ஓர் ஆங்கிலேய அதிகாரி அவருக்குக் கொடுத்ததாக வீட்டில் சொல்லப்படும் மணிக்கூடு இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. சாவி கொடுத்து ஓடுவது. முகப்பில் இரண்டு சிறு வட்டங்கள், சாவிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அழுத்தினால் நடுவிலுள்ள நீண்ட முள் ஓடத் தொடங்குகிறது. அதையே மறுபடி அழுத்தினால் நிற்பதில்லை. கீழ்ப் பொத்தானை அழுத்தினால் நிற்கிறது, இன்னொரு முறை அழுத்தினால் பன்னிரண்டுக்குத் திரும்புகிறது. ஆனால் ஒரு கோடு தள்ளி நிற்கிறது. காட்டிய கடையில் "உள்ளே உடைந்துவிட்டது, பற்றரி மெஷின் போட்டுத் தருகிறேன்" என்றிருக்கிறார்கள். என்ன விலை பெறும் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "தினமும் கட்டினால் நானே கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது." உங்கள் கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

திருகோணமலையில் அப்பாவின் மேசைக்குப் பக்கத்தில் இருந்து தொழில் பழகி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மணிக்கூடு திருத்துகிறேன். குரோனோகிராஃப் எனப்படும், ஒரு முள்ளை ஓடவிட்டு நிறுத்தி நேரம் அளக்கும் இந்த இரண்டு பொத்தான் மணிக்கூடுகளில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அவற்றைப் பயமில்லாமல் கழற்றப் பழகவே பல ஆண்டுகள் பிடித்தன. உங்கள் மணிக்கூட்டை நான் பார்க்கவில்லை. எனவே எது உறுதி, எது என் ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். உறுதியானது முதலில்: கட்டலாம். எழுபது வயது மணிக்கூடு தினமும் ஓடுவதால் தேய்ந்துவிடாது. காய்ந்த எண்ணெயோடு ஓடினால் தேயும். ஆகவே சேர்விஸ் முடியும்வரை சாவி கொடுக்காதீர்கள், பொத்தான்களை அழுத்திப் பார்க்காதீர்கள். பற்றரி மெஷின் போட யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள். அதைப் போடுவதென்றால் முகப்பின் பின்புறத்தில் பழைய மெஷினோடு பொருந்தும் சிறு கால்களை வெட்டவேண்டி வரும். வெட்டிய பிறகு பழைய மெஷினை அதன் இடத்தில் ஒழுங்காகப் பொருத்துவது பெரும்பாடு.

இனி அந்த "உடைந்த" பொத்தான். பெரும்பாலான இரண்டு பொத்தான் மணிக்கூடுகளில் மேல் பொத்தான்தான் முள்ளை ஓடவும் வைக்கும், நிற்கவும் வைக்கும். கீழ்ப் பொத்தானுக்கு முள்ளைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவருவது மட்டுமே வேலை. பிரைட்லிங் நிறுவனம் 1934இல் இரண்டாவது பொத்தானைக் கொண்டுவந்ததிலிருந்து இதுதான் பொது வழக்கம். கடைக்காரர் அந்த வழக்கத்தை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். ஆனால் லான்டெரோன் 48 என்று ஒரு சுவிஸ் மெஷின் இருக்கிறது. 1937 முதல் பல பத்தாண்டுகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. அதில் மேல் பொத்தான் ஓட வைக்க மட்டும். நிறுத்துவது கீழ்ப் பொத்தான். அதையே இன்னொரு முறை அழுத்தினால் முள் வீடு திரும்பும். நீங்கள் விவரித்தது எழுத்துக்கு எழுத்து இதுவே. ஒன்பது மணிப் பக்கத்துச் சிறு வட்டத்தில் விநாடி ஓடி, மூன்று மணிப் பக்கத்து வட்டம் முப்பது நிமிடக் கணக்காக இருந்தால் என் ஊகம் இன்னும் பலப்படும். ஆனாலும் பின்மூடியைத் திறந்து பார்க்கும்வரை இது ஊகந்தான். உண்மையிலேயே ஏதோ உடைந்து இதே மாதிரி நடக்கவும் கூடும்.

அந்த மெஷின் அப்படி நடந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. உயர்ந்த விலை மெஷின்களில் தூண் சக்கரம் என்று ஒரு சிறு சக்கரம் இருக்கும், கோட்டைக் கொத்தளம்போல் மேலே தூண்கள் நிற்கும். பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது ஒரு படி திரும்பும். ஒரு நெம்புகோலின் மூக்கு தூணின் மேல் ஏறுகிறதா, இரண்டு தூண்களுக்கு நடுவே விழுகிறதா என்பதைப் பொறுத்து முள் ஓடும், நிற்கும். வால்ஷூ 72, வீனஸ் 175, முதல் ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் இருந்த 321 எல்லாம் இந்த வகை. அந்தச் சக்கரத்தைக் கடைந்து எடுக்க நேரமும் பணமும் வேண்டும். லான்டெரோன் அதற்குப் பதிலாக முன்னும் பின்னும் நகரும் தட்டையான உலோகத் தகடு ஒன்றை வைத்தது. மேல் பொத்தான் அதை ஒரு பக்கம் தள்ளும், கீழ்ப் பொத்தான் மறுபக்கம் தள்ளும். செலவு குறைந்தது, திருத்துவது சுலபமானது, சாதாரண மனிதனின் கைக்கும் குரோனோகிராஃப் வந்து சேர்ந்தது. இதைத் தாழ்ந்த வேலை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய் போட்டு ஒழுங்காக வைத்திருந்தவை இன்றும் என் மேசையில் நன்றாக ஓடுகின்றன.

முள் ஒரு கோடு தள்ளி நிற்பது வேறு விடயம், அது பெரும்பாலும் சிறு கோளாறு. நடு முள்ளின் அச்சில் இதய வடிவில் ஒரு துண்டு இருக்கும். அடோல்ஃப் நிக்கோல் என்பவர் 1844இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. சுத்தியல்போன்ற ஒரு கை வந்து அடித்ததும், இதயம் எந்த நிலையில் இருந்தாலும் தன் பள்ளத்துக்குச் சுழன்று வந்து நிற்கும். முள் அந்த அச்சின் மேல் வெறுமனே இறுக்கிச் செருகப்பட்டிருப்பதால், பல்லாண்டு அடிபட்டதில் சற்று நழுவியிருக்கலாம். எடுத்து நேராகச் செருகினால் போதும். செருகியும் மறுபடி நழுவினால் முள்ளின் துளை தளர்ந்துவிட்டது என்று பொருள்; அதைச் சுருக்கத் தெரிந்தவர் வேண்டும், பசை வைத்து ஒட்டுபவர் வேண்டாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் மட்டும் கோளாறு உள்ளே, சுத்தியலிலோ இதயத்திலோ இருக்கும்.

சேர்விஸ் பற்றிச் சற்று நீளமாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த வகை மணிக்கூடுகள் கெட்டுப்போவது பெரும்பாலும் எங்களைப்போன்ற திருத்துபவர்களின் கையில்தான். நான் சிறுவனாக இருந்த காலத்தில் மெஷினை முழுதாகப் பெற்றோலில் முக்கி, ஊதிக் காயவைத்து, ஒரே எண்ணெயை எல்லா இடத்திலும் தொட்டுவைப்பதைப் பார்த்திருக்கிறேன். மணிக்கூடு உடனே ஓடும், வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போவார். ஆனால் அழுக்கு, அச்சுகள் சுழலும் கல்லுத் துளைகளிலேயே தங்கிவிடும். புது எண்ணெயோடு சேர்ந்து அரம்போல் அச்சுகளைத் தின்னும். சரியான சேர்விஸ் என்றால் கடைசித் திருகாணிவரை கழற்றி, தனித்தனியாகக் கழுவி, சாவியால் முறுகும் மெயின் ஸ்பிரிங் பக்கம் தடித்த எண்ணெய், வேகமாக அசையும் பக்கம் மெல்லிய எண்ணெய் என்று இடமறிந்து வைப்பது. இருபக்கமும் ஆடி ஓட்டத்தைச் சீராக்கும் பாலன்ஸ் வீலுக்கு உந்துதல் கொடுக்கும் பாகத்தில் எண்ணெய் ஒரு துளி கூடினாலும் கெடுதி, குறைந்தாலும் கெடுதி.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. குரோனோகிராஃப் மெஷினில் சில திருகாணிகள் இறுக்குவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. தலையில் கோடு இருக்கும், பார்த்தால் மற்றத் திருகாணி மாதிரியே தெரியும். ஆனால் அடியில் மையம் விலகிய வட்டமாக இருக்கும். அதை மயிரிழை திருப்பினால் இரண்டு சக்கரங்களின் பற்கள் எவ்வளவு ஆழமாகக் கோத்துக்கொள்ளும் என்பது மாறும். அந்தப் பற்கள் மிக நுண்ணியவை. ஆழம் கூடினால் நீண்ட முள்ளை ஓடவிட்டதும் மணிக்கூடு மூச்சடைத்து நின்றுவிடும். ஆழம் குறைந்தால் முள் நடுங்கும், தாவும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வால்ஷூ 23 மெஷினில், தளர்ந்திருக்கிறது என்று நினைத்து இப்படி ஒன்றை இறுக்கிவிட்டேன். பழைய நிலைக்குக் கொண்டுவர மூன்று நாட்கள் ஆயின. அன்றிலிருந்து எந்தக் குரோனோகிராஃபைத் திறந்தாலும் முதலில் எல்லாக் கோணத்திலும் படம் எடுப்பேன். இந்தத் திருகாணிகளின் கோடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துக்கொள்வேன். உங்களுடையதை எடுப்பவரிடம் "மையம் விலகிய திருகாணிகளை எப்படிக் கையாளுவீர்கள்?" என்று கேளுங்கள். கேள்வி விளங்காதவரிடம் கொடுக்காதீர்கள். ஊரில் ஆள் கிடைக்காவிட்டால் கொழும்புக்கு அனுப்பக் கூச்சப்பட வேண்டாம், பொறுத்திருந்து அனுப்புங்கள்.

சேர்விஸ் முடிந்து வரும்போது இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். பாலன்ஸ் வீல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எத்தனை பாகை சுழல்கிறது என்பதை வீச்சு என்போம். முழுதாகச் சாவி கொடுத்து முகப்பு மேலே பார்க்க வைத்திருக்கையில் 270 பாகைக்குக் குறையாமல் இருந்தால் நல்ல வேலை. குரோனோகிராஃபை ஓடவிட்டும் அளக்கச் சொல்லுங்கள். கூடுதலாக ஒரு சக்கரத்தை இழுக்கவேண்டியிருப்பதால் சற்றுக் குறையும், அது இயல்பு. 200க்குக் கீழே விழுந்தால் திருப்பிக் கொடுங்கள். நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து விநாடி முன்பின் போவது இந்த வயதுக்கு மிக நல்ல ஓட்டம். கைத்தொலைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். மணிக்கூட்டுக்குத் திருகோணமலை சுலபமான ஊர் இல்லை. மூன்று பக்கமும் உப்புக் காற்று. வைகாசி முதல் ஆவணிவரை கச்சான் காற்றின் வெக்கையில் கை வியர்த்துக்கொண்டே இருக்கும். மாரியில் அலுமாரிக்குள் சட்டையே பூஞ்சணம் பிடிக்கும். துரு எப்போதும் முதலில் பிடிப்பது சாவித்தண்டிலும் பொத்தான்களின் அடியிலும். உங்கள் மணிக்கூட்டின் பொத்தான்கள் தண்ணீரைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொரு பொத்தானும் உறைக்குள் திறந்திருக்கும் ஒரு சிறு வாசல். எனவே நிலாவெளியில் குளிக்கப் போகும் நாளில் வீட்டில் வையுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனாலும் அப்படியே. நீராவி தண்ணீரைவிட மோசம், உள்ளே போய்க் குளிர்ந்து முகப்பின் மேல் துளியாக நிற்கும். கோணேசர் கோயில் மலையில் காற்று வாங்குவதற்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள். மாலையில் கழற்றியதும் மெல்லிய பருத்தித் துணியால் பின்மூடியையும் பொத்தான்களையும் துடையுங்கள். தோல் வார் நம் வியர்வையில் ஒரு வருடத்தில் நாறிவிடும். கழுவிக் காயவைக்கக்கூடிய நைலோன் வார் நல்லது. கட்டாத நாட்களில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசிக்குள் போட்டுவைக்கும் வழக்கம் வேண்டாம், அரிசித் தூசு பொத்தான் வழியே போகும்.

மற்ற இரண்டு எதிரிகள் காந்தமும் அதிர்ச்சியும். ஒலிபெருக்கியின் மேலோ கைத்தொலைபேசியின் மேலோ வைக்காதீர்கள். திடீரென்று ஒரு மணித்தியாலத்தில் பல நிமிடம் முந்தினால் பாலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் காந்தத்தால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். காந்தம் நீக்கும் கருவியில் சில விநாடி வேலை. அக்காலத்து மெஷின்கள் பலவற்றில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு கிடையாது. கிரிக்கெட் ஆடும்போதும் சுத்தியல் பிடிக்கும்போதும் கழற்றிவிடுங்கள்.

சாவியைக் காலையில், ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றிவைத்துக் கொடுங்கள். கட்டியபடி கொடுத்தால் தண்டு ஒரு பக்கமாக வளையும். தடை வரும்வரை கொடுத்து நிறுத்துங்கள். "கூடச் சாவி கொடுத்து உடைந்துவிட்டது" என்று பலர் கொண்டுவருவார்கள். முழுதாகச் சாவி கொடுத்ததால் நின்ற மணிக்கூட்டை நான் கண்டதில்லை, அழுக்கால் நின்றதையே கண்டிருக்கிறேன். நீண்ட முள்ளை நாள் முழுதும் ஓடவிடத் தேவையில்லை. அதற்காகப் பூட்டி வைக்கவும் வேண்டாம்; வாரத்தில் சில முறை பயன்படுத்தினால் எண்ணெய் இடத்தில் நிற்கும். அந்த மெஷின் விநாடிக்கு ஐந்து தடவை துடிக்கும், மணிக்கு 18,000. எனவே அது அளக்கும் மிகச் சிறிய துண்டு விநாடியில் ஐந்தில் ஒன்று. முள் தொடங்கும்போது அந்த அளவுக்கு ஒரு சிறு தாவல் இருந்தால் கோளாறு என்று நினைக்காதீர்கள். முகப்பின் ஓரத்தில் டெலிமீற்றர் எனப்படும் தூரம் காட்டும் கிலோமீற்றர் எண்கள் வட்டமாக இருந்தால் அது இடி தூரம் அளப்பதற்கும் உதவும். ஐப்பசியில் கொட்டியாரக் குடாவின் மேல் மின்னல் தெரிந்ததும் மேல் பொத்தான், முழக்கம் கேட்டதும் கீழ்ப் பொத்தான். மூன்று விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஆங்கிலேய அதிகாரியின் கதை உண்மையா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மணிக்கூட்டால் அதை நிரூபிக்க முடியாது, ஆனால் ஒரு தடயம் உண்டு. பிரித்தானிய அரசுக்குச் சொந்தமான படைப் பொருட்களில் அகன்ற அம்புக்குறி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். மணிக்கூடுகளில் பின்மூடியில் பார்க்கலாம். அக்காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு லெமானியா என்ற சுவிஸ் நிறுவனம் செய்துகொடுத்த குரோனோகிராஃப்கள் ஒற்றைப் பொத்தான் கொண்டவை. உங்களுடையதில் இரண்டு பொத்தான்; அம்புக்குறியும் இல்லாவிட்டால் அது கடற்படை கொடுத்த மணிக்கூடாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதைக் கேட்டு நீங்கள் மனம் சோரலாம். நான் மறுபக்கம் பார்க்கிறேன்: அரசு மணிக்கூட்டை அதிகாரி திருப்பி ஒப்படைக்கவேண்டும், யாருக்கும் கொடுக்க உரிமை இல்லை. சொந்தப் பணத்தில் வாங்கியதைத்தான் கொடுக்க முடியும். சுயஸ் வழியாக வந்த கப்பல்கள் நின்று வந்த ஏடன், வரியில்லாத் துறைமுகமாக இருந்தது. கப்பல்காரர்கள் மணிக்கூடு வாங்கும் இடங்களில் அதுவும் ஒன்று. தளம் 1957இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஊர் திரும்பிய ஒருவர் தன் கையிலிருந்ததைக் கழற்றி உடன் வேலை பார்த்தவருக்குக் கொடுத்தார் என்பது நடக்கக்கூடிய காரியமே. அம்மம்மா இருந்தால் அந்த அதிகாரியின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையை விடக்கூடாது. முட்களிலோ எண்களிலோ பழுப்பேறிய மாவுபோல் ஒளிப்பூச்சு இருந்தால், அந்தக் காலத்து மணிக்கூடு என்பதால் அது ரேடியமாக இருக்கக்கூடும். இப்போது இருட்டில் ஒளிர்வதில்லை என்பதால் ரேடியம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. ஒளிரும் பொருள் களைத்துவிட்டது, ரேடியம் பாதி குறையவே 1,600 ஆண்டுகள் பிடிக்கும். ஆபத்து அந்தத் தூள் மூச்சிலோ வாயிலோ போவதில்தான். நீங்களாகத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்காதீர்கள். கண்ணாடி வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். திருத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அவருக்கும் நுரையீரல் இருக்கிறது.

விலை பற்றி நேராகச் சொல்கிறேன். லான்டெரோன் 48 மெஷின் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது, பெயரில்லாத முகப்போடும் விற்கப்பட்டது. நிலவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டரோடும் வால்ஷூ 72 போட்ட மணிக்கூடுகளோடும் விலையில் இதை வைத்துப் பார்க்க முடியாது. நல்ல சேர்விஸுக்கு ஆகும் செலவு சந்தையில் கிடைக்கும் விலைக்கு அருகில் வந்துவிடவும் கூடும். விற்பதற்காகத் திருத்துவதென்றால் வேண்டாம். கட்டுவதற்காக என்றால் ஒவ்வொரு ரூபாயும் தகும். பெருந்தொகையாகச் செய்யப்பட்டதில் உங்களுக்கு ஒரு இலாபமும் உண்டு, உதிரிப் பாகம் எடுக்கப் பழைய மெஷின்கள் இன்னும் கிடைக்கின்றன. முகப்பைப் புதிதாக வர்ணம் பூசித் தருகிறேன், உறையை மினுக்கித் தருகிறேன் என்று சொன்னால் இரண்டையும் மறுத்துவிடுங்கள். அம்மப்பாவின் கையில் விழுந்த கீறல்களை அழித்துவிட்டு மறுபடி வரவழைக்க முடியாது.

பின்மூடியைத் திறந்ததும் பாலன்ஸ் வீலுக்கு அடியில், மெஷின் தட்டில் பொறித்திருப்பதைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். லான்டெரோனின் குறியும் 48 என்ற எண்ணும் இருந்தால், பொத்தான்களைச் "சரிசெய்ய" வேண்டாம் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். வேறு எண் இருந்தால் அதை இங்கே எழுதுங்கள், அதற்கேற்ப மறுபடி பதில் எழுதுகிறேன்.